லேயருக்கு மேலே லேயர்: வாசகர் கேள்வி – பதில்

சிவகாசியில் காலண்டரும் டைரியும் அச்சுக்குப் போகும் முன், படங்களை ஃபோட்டோஷாப்பில் லேயர் லேயராக, கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சரிசெய்யும் மேசை என்னுடையது. ஆடிப்பெருக்கு அன்று புது வருடத்துக்கான ஆல்பங்கள் வெளியாகிவிட்டன. ஆர்டர்கள் குவியும் முன் கிடைத்த இடைவெளியில் உங்கள் கடிதங்களைப் பிரித்தேன். முக்கால்வாசி ஒரே ரகம்தான்: 'ஒட்டினது தெரியுதே, என்ன செய்ய?'

கேள்வி: மணப்பெண்ணை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் வைக்கிறேன். உடம்பெல்லாம் சரியாக வருகிறது. தலைமுடியைச் சுற்றி மட்டும் வெள்ளைக் கோடு நிற்கிறது. ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரைக் கூட்டினால் கோடு போய், தலை புகைகிற மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்ய, அக்கா? – ஆல்பம் டிசைனர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் கோணலாக வெட்டியதால் வந்த கோடு இல்லை தம்பி அது. முடியின் ஓரத்தில் இருக்கிற ஒவ்வொரு பிக்சலிலும் பாதி முடி, பாதி பழைய சுவர். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அந்தச் சுவர் கூடவே வரும். ஃபெதர் அந்தக் கலப்பைப் பிரிக்காது, இன்னும் கொஞ்சம் பரப்பிவிடும்.

முதலில் இரேசரைக் கீழே வையுங்கள். லேயரை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க் போடுங்கள். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், எக்ஸ் விசையைத் தட்டினால் இரண்டும் இடம் மாறும். மறைத்ததை நாளைக்குக்கூடத் திரும்பக் கொண்டுவரலாம். 'செலக்ட் அண்ட் மாஸ்க்' திறந்து, முடி ஓரத்தில் மட்டும் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை ஓட்டுங்கள். தோள், கை, புடவை விளிம்புக்கு அந்த பிரஷ் வேண்டாம், அங்கே பென் டூல்தான் கௌரவம். அப்படியும் கோடு மிஞ்சினால், அந்த லேயருக்கு மேல் புது லேயர் ஒன்று போட்டு, கிளிப் செய்து (கீழ் லேயருக்குள் மட்டும் தெரியும்படி கட்டி), மோடை, அதாவது கீழ் லேயரோடு கலக்கும் முறையை, 'டார்க்கன்' ஆக்குங்கள். ஆல்ட் அழுத்தி முடியின் உள்பக்கத்தில் நிறத்தை எடுத்து, ஓரத்தில் மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். டார்க்கன் என்பதால் முடியைவிட வெளுப்பான பிக்சல்களில் மட்டுமே அந்த நிறம் ஏறும். முடி இழைகள் அப்படியே நிற்கும்.

பழைய பின்னணி வெள்ளைத் திரையாகவும் புதிய பின்னணி வெளிச்சமாகவும் இருந்தால், இதைவிடச் சுலபமான வழி உண்டு. பெண்ணின் லேயரைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் மாஸ்க்கை நீக்கி, கீழே வைத்து, மோடை 'மல்டிப்ளை' ஆக்குங்கள். வெள்ளைத் திரை தானாகக் காணாமல் போகும், பறக்கும் ஒற்றை முடிகூடத் தங்கும். மேலே இருக்கிற லேயரின் மாஸ்க்கைத் தலையை ஒட்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். ஒரே சிக்கல், நம் ஊர் மணப்பெண் தலையில் மல்லிகைச் சரம் இருக்கும். மல்டிப்ளைக்குத் திரையும் வெள்ளை, மல்லிகையும் வெள்ளை, இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் பூச்சரத்தை மட்டும் பென் டூலில் தனியாகச் சுற்றி, மேல் லேயரின் மாஸ்க்கில் வெள்ளையடித்துக் காப்பாற்றுங்கள். மொட்டுகளுக்கு நடுவில் தெரியும் இடைவெளியையும் பாருங்கள். அங்கே பழைய திரை உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அப்பா போன வருடம் தவறிவிட்டார். என் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் அவரைச் சேர்க்க வேண்டும். என்னிடம் இருப்பது அவருடைய பழைய பாஸ்போர்ட் சைஸ் படமும், முழு உருவமாக நிற்கும் ஒரு படமும். நானே முயன்று பார்த்தேன். அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல இருக்கிறார். – வாசகி, மதுரை

பதில்: வெட்டியதை நீங்கள் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் குறையே இல்லை. வெளிச்சம்தான் பொருந்தவில்லை. பார்க்கிறவர்கள் விளிம்பில் சின்னக் கோணல் இருந்தால் மன்னித்துவிடுவார்கள், வெளிச்சம் மாறியிருந்தால் காரணம் சொல்லத் தெரியாமலே 'என்னவோ மாதிரி இருக்கு' என்பார்கள்.

மண்டபத்தில் வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. அப்பாவின் முழு உருவப் படத்தில் இடப்பக்கம் விளக்கு. உடனே படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடத் தோன்றும். வேண்டாம். சட்டைப்பை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்விடும், தலைவகிடு மாறும், மச்சம் மாறும். அம்மா பார்த்த நொடியில் 'இது அவரில்லை' என்பார். பெண்கள் படமென்றால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக இடது ஓரத்துக்குப் பக்கத்தில், ஜன்னலோ விளக்கோ அந்தப் பக்கம் இருப்பதாக நம்பக்கூடிய இடத்தில் அவரை நிறுத்துங்கள். மிச்சத்தை ஐம்பது சதவிகிதச் சாம்பல் நிறைத்த ஒரு லேயரில் சரிக்கட்டலாம். மோடு 'சாஃப்ட் லைட்'. சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் மிக இலேசான வெள்ளை பிரஷ்ஷால் நெற்றி, மூக்கு மேடு, தோள் மேல்பக்கம். கறுப்பால் தாடைக்குக் கீழே.

அடுத்தது கறுப்பு. பழைய படம் வெளுத்தால் கருமையும் கூடவே வெளுத்துவிடும். இன்ஃபோ பேனலைத் திறந்து, அப்பாவின் தலைமுடியில் கருமையான இடத்தில் எண்ணைப் பாருங்கள். பிறகு பக்கத்தில் நிற்கும் உங்கள் அண்ணன் தலைமுடியில் பாருங்கள். உங்கள் படத்தில் அப்பாவுக்குச் சிவப்பு 46, பச்சை 38, நீலம் 30. அண்ணனுக்கு மூன்றுமே 14ஐ ஒட்டி. இந்த ஒரு வித்தியாசம்தான் அவரைச் செம்மண் பூசியவர்போலக் காட்டுகிறது. வெளிச்சத்தை வளைகோட்டால் ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் லேயர் ஒன்றை அவருக்குக் கிளிப் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல் சேனலாகப் போய் அந்தப் புள்ளிகளை 14க்கு இறக்குங்கள். அதேபோல வேட்டி வெள்ளையை அண்ணன் வேட்டி வெள்ளைக்குக் கொண்டுவாருங்கள். தோல் நிறம் முக்கால்வாசி தானாக வந்து சேரும்.

சரியா என்று பார்க்க: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு 'பிளாக் அண்ட் ஒயிட்' அட்ஜஸ்ட்மென்ட் லேயர். நிறம் போனதும் வெளிச்ச வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதை அணைத்துவிட்டு, 'ஹியூ/சாச்சுரேஷன்' போட்டு நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைக் கன்னாபின்னாவென்று ஏற்றிப் பாருங்கள். அவர் மட்டும் ஆரஞ்சாகத் தெரிந்தால் நிறம் இன்னும் மிச்சம் இருக்கிறது. பார்த்து முடித்ததும் இரண்டையும் நீக்கிவிடுங்கள்.

முகத்துக்கு எடுக்கும் பாஸ்போர்ட் படத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், சின்னதாக இருக்கிறதே என்று. 3.5 × 4.5 செ.மீ. படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் உயரம் ஆயிரம் பிக்சலுக்கு மேல் வரும். உங்கள் குடும்பப் படத்தை 12 × 18 அங்குலத்தில் 300 டிபிஐக்கு அச்சிட்டாலும், முகம் மூன்று செ.மீ. உயரம் என்றால் சுமார் 350 பிக்சல்தான் தேவை. இருப்பதே அதிகம். உண்மையில் அப்பாவின் முகம் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கிறது, அதுவும் ஒட்டியதைக் காட்டிக்கொடுக்கிறது. 0.5 அல்லது 0.7 பிக்சல் கௌசியன் பிளர் கொடுத்து இலேசாக மங்கவைத்து, குடும்பப் படத்தில் இருக்கிற அளவு நாய்ஸை, அதாவது பொடிப்புள்ளியை, சேருங்கள். 100 சதவிகிதத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாக நிழல். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். செருப்பு தரையைத் தொடுகிற இடத்தில் மெல்லியதாக, கருமையாக ஒன்று. அதிலிருந்து விலகிப் பரவி மங்குவது இன்னொன்று. இரண்டும் மல்டிப்ளை. நிறத்துக்குக் கறுப்பை எடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் நிழலிலிருந்தே எடுங்கள், மண்டபத்துச் சிவப்புக் கம்பளத்தில் நிழல் கரும்பழுப்பாக இருக்கும். அண்ணன் தோள்மேலும் அப்பாவின் நிழல் கொஞ்சம் விழட்டும்.

கேள்வி: மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லே, சாஃப்ட் லைட்... பட்டியல் நீளமாக இருக்கிறது. ஷிஃப்டும் பிளஸ்ஸும் அழுத்தி ஒவ்வொன்றாக மாற்றி, நன்றாக இருப்பதை வைத்துக்கொள்கிறேன். இது சரியா? – கல்லூரி மாணவர், கோவை

பதில்: வேலை நடக்கும்வரை சரிதான். ஆனால் இதெல்லாம் சின்னக் கணக்கு, ஒருமுறை போட்டுப் பார்த்தால் துழாவ வேண்டியதில்லை.

ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை எண். மல்டிப்ளை என்றால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுப்பது. 128ஐ 128ஆல் பெருக்கி வகுத்தால் 64. அதனால் கருக்கிறது. மேலே வெள்ளை, அதாவது 255 என்றால் கீழே உள்ளது மாறாது. ஸ்கேன் செய்த கையெழுத்தைக் கடிதத்தின்மேல் மல்டிப்ளையில் வைத்தால் தாள் மறைந்து மை மட்டும் நிற்பது இதனால்தான். ஸ்கிரீன் அதற்குத் தலைகீழ்: 128உம் 128உம் சேர்ந்தால் 192. கறுப்பு காணாமல் போகும். வாணவேடிக்கை, விளக்குச் சுடர், மின்னல் எல்லாம் கறுப்புப் பின்னணியோடு இருந்தால் வெட்டவே வேண்டாம், ஸ்கிரீனில் வையுங்கள். ஓவர்லே, கீழே இருக்கிற படம் இருட்டாக இருக்குமிடத்தில் மல்டிப்ளையாகவும் வெளிச்சமாக இருக்குமிடத்தில் ஸ்கிரீனாகவும் நடந்துகொள்ளும், அதனால் கான்ட்ராஸ்ட் ஏறும். சாஃப்ட் லைட் அதன் சாதுவான தம்பி.

வாரத்துக்கு ஒரு டியூட்டோரியலில் 'விவிட் லைட் மேஜிக்' என்று வருகிறது. நான் அதை வேலைக்குத் தொட்டதாக நினைவில்லை.

கேள்வி: ஒரே டிசைன் புடவையை ஐந்து நிறத்தில் நெய்கிறோம். ஒன்றை மட்டும் படமெடுத்து மற்றவற்றுக்கு நிறம் மாற்றினால் போதுமென்று பார்க்கிறேன். 'கலர்' மோடில் பச்சை நன்றாக வருகிறது, மஞ்சள் சேறு மாதிரி வருகிறது. – ஜவுளிக்காரர், இளம்பிள்ளை

பதில்: கலர் மோடு நிறத்தையும் அதன் அடர்த்தியையும் மட்டும் மேலிருந்து எடுத்துக்கொள்ளும், வெளிச்சத்தைக் கீழேயுள்ள படத்திலிருந்தே எடுக்கும். நீங்கள் படமெடுத்தது அரக்குப் புடவை. அரக்கின் கருமைமேல் மஞ்சளைப் பூசினால் அது மஞ்சளாகாது, கரும்பழுப்பாகத்தான் ஆகும். நிறம் மாற்றும் முன் கர்வ்ஸால் துணியை நன்றாக வெளுக்க வையுங்கள், பிறகு மஞ்சள் போடுங்கள். இன்னும் நல்லது, ஐந்தில் நடுத்தர வெளிச்சமுள்ள புடவையைப் படமெடுப்பது. ஜரிகையை மாஸ்க்கில் கறுப்படித்து விலக்க மறக்காதீர்கள். பச்சை ஜரிகையோடு ஒரு விளம்பரத் தாள் போன மாதம் என் மேசைக்கு வந்தது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வாங்குகிறவர் கைக்குப் போகும் புடவையோடு ஒப்பிட்டு நிறத்தை வையுங்கள். உண்மையான துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் கவர்ச்சியாக ஏற்றிவிட்டால் பார்சல் திரும்பி வரும்.

கேள்வி: தாத்தா பாட்டி கல்யாணப் படம். சொரசொரப்பான தாளில் அச்சிட்டது. ஸ்கேன் செய்தால் படம் முழுக்கத் தேன்கூடுபோலப் புள்ளிகள் மின்னுகின்றன. மஞ்சள் கறை வேறு. – ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, அந்தப் புள்ளிகள் படத்தில் இல்லை. ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதால், தாளின் மேடுகள் ஒரு பக்கம் மினுங்குகின்றன. அதனால் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ போதும், ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களையெல்லாம் அணைத்துவிடுங்கள். இரண்டாவதை மென்பொருளில் 180 டிகிரி திருப்பி, முதலாவதின் மேல் வைத்து, இரண்டு லேயரையும் தேர்ந்தெடுத்து 'ஆட்டோ அலைன்' கொடுங்கள். மேல் லேயரின் மோடு டார்க்கன். ஒன்றில் மினுங்கும் மேடு இன்னொன்றில் மினுங்காது. இரண்டில் கருமையான பிக்சலை மட்டும் டார்க்கன் வைத்துக்கொள்வதால் பெரும்பாலான புள்ளிகள் விழுந்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே? கறைக்கு ஹீலிங் பிரஷ்ஷைத் தொடும் முன் சேனல்ஸ் பேனலைத் திறந்து மூன்றையும் தனித்தனியே பாருங்கள். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், அதனால் நீலச் சேனலில் கறை அசிங்கமாகத் தெரியும். சிவப்புச் சேனலில் கிட்டத்தட்டக் காணவே காணாது. சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். பாட்டியின் கழுத்தில் இருக்கும் காசுமாலையில் காசுகள் தனித்தனியே தெரிவதை அப்போது பார்ப்பீர்கள். மிச்சமிருக்கும் கீறலுக்கு மட்டும் ஹீலிங் பிரஷ், அதுவும் புது லேயரில், 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்' போட்டு. முகத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துக் 'கூர்மையாக்க' வேண்டாம் ஐயா. அது தனக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் கண்களைப் பாட்டிக்குப் பொருத்திவிடும்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ஆளே இல்லாமல் படமெடுக்க முடியுமா? – திருச்சி

பதில்: ஆளில்லாத நேரம் கிடைக்காது, ஆனால் ஆளில்லாத படம் கிடைக்கும். கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே எக்ஸ்போஷரில், நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் லேயர்களாக ஏற்றி, எல்லாம் ஒரே பொதியாகும்படி ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, 'ஸ்டாக் மோட்' பட்டியலில் 'மீடியன்' (நடு மதிப்பு) தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் பாதிக்கும் குறைவான படங்களில் மட்டுமே ஒருவர் நின்றிருந்தால் அவர் மறைந்துபோவார். கூடவே நாய்ஸும் குறையும். நிழலில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழாதவர் மட்டும் மறையமாட்டார். அவர் எழுந்த பிறகு ஒரு படம் கூடுதலாக எடுத்துவைத்து மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகத்தை வழவழப்பாக்கினால் பொம்மை மாதிரி ஆகிறது. வாடிக்கையாளர்களோ 'இன்னும் கலர் ஏத்துங்க' என்கிறார்கள். – ஸ்டூடியோக்காரர், கோவில்பட்டி

பதில்: இரண்டும் இரண்டு வியாதி. முதலாவதற்கு மருந்து, தோலின் நுண்துளையையும் அதன் நிறத் திட்டுகளையும் பிரித்து வைப்பது. லேயரை இரண்டு பிரதி எடுங்கள். கீழ்ப்பிரதிக்கு, நுண்துளைகள் மறையும்வரை மட்டும் கௌசியன் பிளர். மேல்பிரதியில் 'அப்ளை இமேஜ்' திறந்து, லேயர் என்ற இடத்தில் கீழ்ப்பிரதி, பிளெண்டிங் 'சப்ட்ராக்ட்', ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. பிறகு அதன் மோடு 'லீனியர் லைட்'. இது 8 பிட் படத்துக்கான கணக்கு. இப்போது படம் பழையபடியே தெரியும், ஆனால் திட்டுகளைக் கீழ்ப்பிரதியில் தனியாகச் சரிசெய்யலாம், துளைகள் மேலே பத்திரமாக இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை முழுதாக எடுக்காதீர்கள், பாதி போதும்.

இரண்டாவதைப் பற்றி என் முடிவு பிடிவாதமானது. நான் தோலை வெளுக்க மாட்டேன், வெளிச்சத்தைத்தான் கூட்டுவேன். கர்வ்ஸின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் மாநிறம் மாநிறமாகவே பளிச்சென்று வரும், கேட்டவரும் திருப்தியாகப் போவார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வெள்ளைப் பூசி, பின்னால் நிற்கும் பெற்றோரை அப்படியே விட்ட ஆல்பங்களைப் பார்க்கிறபோது, யார் பிள்ளைகளோ என்று தோன்றுகிறது.

கேள்வி: மாதச் சந்தா கட்டி ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ள வசதியில்லை. இலவச மென்பொருளான கிம்ப் போதுமா? – விருதுநகர்

பதில்: மேலே சொன்னதில் பெரும்பகுதி அதில் முடியும். மாஸ்க், கர்வ்ஸ், மோடுகள், ஹீலிங் எல்லாம் உண்டு. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் பின்னால் திருத்தவும் முடிகிறது. பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபீ, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளை நன்றாகத் திறக்கும். திருட்டுப் பிரதியில் வைரஸோடு மல்லுக்கட்டுவதைவிட இவை எவ்வளவோ மேல்.

கேள்வி: ஃபோட்டோஷாப் திறக்கும்போது சீதாராமன் நாராயணன் என்ற பெயர் வருமே, நம்மவரா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அடோபியில் நீண்டகாலம் ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர். 1990இல் முதல் பதிப்பைத் தந்த நோல் சகோதரர்களில் தாமஸ் நோலின் பெயரோடு இவர் பெயரும் அந்த முகப்பில் வந்தது. மென்பொருள் திறக்கிறவரை வேறு வேலையில்லாமல் படித்துப் படித்தே உலகம் முழுக்க அவருக்கு ரசிகர்கள்.

கேள்வி: திரையில் ஜொலிக்கிற படம் அச்சில் இருண்டு, நீலம் ஊதாவாகி வருகிறது. எங்கே பிசகு? – அழைப்பிதழ் டிசைனர், திருநெல்வேலி

பதில்: இது என் வீட்டுச் சமாசாரம். காலண்டரில் கண்ணன் நீலம்தான் எங்களுக்கு வருடாவருடம் தலைவலி. திரை காட்டும் ஆர்ஜிபியின் (சிவப்பு, பச்சை, நீல ஒளி) பளீர் நீலம் நான்கு மையில் கிடைக்காது. மாற்றும்போது சயானோடு மெஜந்தாவும் ஏறிக்கொள்ளும், ஊதா தட்டும். சயான் 100 என்றால் மெஜந்தாவை 70க்கு மேல் போகவிடாதீர்கள். கன்ட்ரோல் வொய் அழுத்தினால் அச்சில் எப்படி வருமென்று திரையே ஓரளவு காட்டும். அதை வேலையின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

லேயர்களோடு அப்படியே நான்கு மைக் கணக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றாதீர்கள். மல்டிப்ளையும் ஓவர்லேயும் போடும் கணக்கு அங்கே வேறு, நிழல்களெல்லாம் மாறிவிடும். லேயர் உள்ள ஆர்ஜிபி கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, பிரதி எடுத்து, எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஃபிளாட்டன் செய்து, அதை மட்டும் மாற்றுங்கள். கருமையான இடத்தில் நான்கு மையின் மொத்தம் 300 சதவிகிதத்தைத் தாண்டினால் ஆர்ட் பேப்பரில் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அச்சகத்தில் அவர்களுடைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் படம் இல்லை, மானிட்டர். கடையில் வாங்கியபோது இருந்த முழு வெளிச்சத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நல்ல அச்சில் வந்த அழைப்பிதழ் ஒன்றை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அதன் வெள்ளையும் திரையின் வெள்ளையும் ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு கோப்பை டிஃப் ஆகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியுமென்றால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போய்த்தான் எங்களிடம் வந்து சேரும்.